தென்னை நார் வலை: எந்தச் சரிவுக்கு வாங்கலாம், எந்தச் சரிவுக்கு வேண்டாம்

புரட்டாசி பிறந்துவிட்டால் மதுரைப் பக்கம் தென்னை நார் வலைக்கு ஆள் தேட ஆரம்பிக்கும். பண்ணைக்குட்டை வெட்டியவர், ஓடை ஓரத்தில் மனை வாங்கி மண் அடித்து மேடாக்கியவர், சிறுமலை அடிவாரத்தில் தோட்டத்துக்குப் பாதை வெட்டியவர், கண்மாய்க் கரை வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் என எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதைப் போத்துனா மண்ணு நிக்குமா?" விற்கிறவர் நிற்கும் என்றுதான் சொல்வார். அது பாதி உண்மை. மழை அரித்துக்கொண்டு போகிற மண்ணை இந்த வலை நன்றாகவே பிடிக்கும். தன் எடையால் சரிந்து இறங்குகிற மண்ணைப் பிடிக்கவே பிடிக்காது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் பிறகு "வலை ஏமாத்து வேலை" என்கிறார்கள்.

பொருள் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தென்னை நாரைக் கயிறாகத் திரித்து, தறியில் கண் விட்டு நெய்த பாய். சந்தையில் ஜியோ டெக்ஸ்டைல் என்பார்கள், அரசு டெண்டரில் 'காயர் பூவஸ்த்ரா' என்று இருக்கும். பொருளுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 15869. சாலை, ரயில் கரை, மலைச் சரிவுகளில் மழை அரிப்பைத் தடுக்க இதை எப்படிப் போடுவது என்பதற்கு ஐஎஸ் 15872. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதை வைத்துத்தான் ரகம்: 400, 700, 900. நானூறில் கண் பெரிது, விரல் தாராளமாக நுழையும், பரப்பில் பாதிக்கு மேல் வெறும் இடைவெளிதான். எழுநூறில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. தொள்ளாயிரம் நெருக்கமான நெசவு, கோணிக்கும் வலைக்கும் நடுவில் இருக்கும். சுருள் ஒரு மீட்டர் அல்லது இரண்டு மீட்டர் அகலத்தில், பெரும்பாலும் 50 மீட்டர் நீளத்தில் வரும். நம்ம ஊருக்குச் சரக்கு சிங்கம்புணரிப் பக்கமிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வருகிறது. சிங்கம்புணரி கிட்டத்தில் இருப்பதால் வண்டி வாடகை குறையும். ஆனால் அங்கே எல்லாத் தறியிலும் இந்த நெசவு ஓடாது, முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும்.

சணலை விட்டுவிட்டுத் தென்னை நாருக்கு ஏன் போக வேண்டும் என்றால், லிக்னின், அதாவது நாரை மரம் போலக் கெட்டியாக்கும் பொருள். தென்னை நாரில் அது நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கிறது, சணலில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லிக்னின் கூடக் கூட நார் மட்குவது தாமதமாகும். சணல் ஒரு மழைக்காலம் தாண்டினால் நைந்துவிடும். தென்னை நார் இரண்டு மூன்று வருடம் நிற்கும். புல் வேர் பிடித்து அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ள அந்தக் காலம் போதும். வலை நிரந்தரமானது என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு எழுந்து வந்துவிடலாம். மட்கிப் போவதுதான் இதன் குணம், அதுதான் வசதியும்.

வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். கோடை மழையின் பெரிய துளி, ஐந்து மில்லிமீட்டர் இருக்கும், தரையைத் தொடும்போது நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் வருகிறது. மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் செம்மண்ணில் அது விழுந்தால் துகள் நாலா பக்கமும் தெறிக்கும். சமதளத்தில் தெறித்தது தெறித்த இடத்திலேயே சுற்றி விழும், நட்டமில்லை. சரிவில் கீழ்ப்பக்கம் தெறித்தது மேல்பக்கம் தெறித்ததைவிட தூரம் போய் விழும். ஆக ஒவ்வொரு துளியும் மண்ணைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டுத்தான் ஓய்கிறது. பிறகு தண்ணீர் தாளாகப் பரவி ஓடும், எங்காவது பள்ளம் கிடைத்தால் கூடும், விரல் தடிமனில் கோடு விழும், கோடு வாய்க்காலாகும். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை அறுபத்துநாலு மடங்கு வரை கூடும் என்பது பழைய கணக்கு. மேலே மணலை மட்டும் அள்ளிய தண்ணீர் சரிவின் கால்மாட்டில் சரளையை உருட்டுவது இதனால்தான். வருசநாட்டு மலையில் தொடங்கி 1959இல் திறந்த வைகை அணையின் அடியில் வண்டலாகப் படிந்து கிடப்பது வரை எல்லாம் இதே கதைதான்.

நார் வலையின் ஒவ்வொரு குறுக்குக் கயிறும் ஒரு குட்டித் தடுப்பணை. தண்ணீரின் வேகத்தை உடைக்கிறது, வந்த மண்ணைத் தன் மேல்பக்கம் தேக்குகிறது, துளி நேரடியாக மண்ணில் அடிப்பதைக் குறைக்கிறது. நார் தண்ணீரை உறிஞ்சி வைத்திருந்து மெல்ல விடுவதால் விதை முளைக்க ஈரம் கிடைக்கிறது. பிளாஸ்டிக் வலை இந்தக் கடைசி வேலையைச் செய்யாது. மழை அரிப்புக்கு இதைவிட மலிவான, நியாயமான தீர்வு நம்ம ஊர்ச் சந்தையில் இல்லை என்றே சொல்லலாம்.

இனி புவியீர்ப்பு. ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவை எடுத்துக்கொள்வோம், அதாவது ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 34 டிகிரி. ஒரு கன மீட்டர் மண் 1.8 டன் என்றால், அதில் சுமார் ஒரு டன் மண்ணைச் சரிவோடு கீழே இழுக்கிறது, ஒன்றரை டன் சரிவுக்குள் அழுத்துகிறது. அழுத்துகிற அந்த ஒன்றரை டன்னால்தான் உராய்வு, அதுதான் பிடிப்பு. துகளுக்குத் துகள் இருக்கும் ஒட்டுதலும் கொஞ்சம் சேரும். மழை உள்ளே இறங்கினால் எடை கூடுகிறது. அதைவிட மோசம், துகள்களுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கித் தாங்குகிறது. இழுப்பு கூட, பிடிப்பு குறைய, ஒரு கட்டத்தில் கணக்கு தலைகீழாகிறது. அப்போது சரிவது மேல்தோல் இல்லை, ஒரு மீட்டர் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு முழுத் துண்டாக வருகிறது.

வலையை அடித்திருக்கும் ஆணி எவ்வளவு ஆழம்? இருபது சென்டிமீட்டர். வழுக்கும் தளம் ஒரு மீட்டருக்குக் கீழே. ஆணி, வலை, புல் எல்லாம் வழுக்குகிற துண்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன, அதோடு சேர்ந்து இறங்கிவிடும். வலையின் இழுவிசைத் தாங்குதிறனும் உதவாது. ஏழு மீட்டர் நீளச் சரிவில் ஒரு மீட்டர் தடிமனுக்கு மண் நகர்ந்தால், ஒரு மீட்டர் அகலத்துக்கே ஏழு டன் இழுப்பு. வலை அதே அகலத்துக்குத் தாங்குவது அதில் ஒரு சிறு பங்குதான், நனைந்தால் இன்னும் குறைவு. விற்பனைத் தாளில் 'அதிக இழுவிசை' என்று போட்டிருப்பது வலையைச் சரிவில் விரித்து நிறுத்தத்தான் போதும்.

கோடையில் ஜேசிபி வைத்துச் செங்குத்தாக வெட்டின செம்மண் சுவர் மூன்று மீட்டர் உயரம் நிற்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. காய்ந்த மணலைக் குவித்தால் 30 முதல் 35 டிகிரிக்கு மேல் நிற்காது. ஆனால் லேசான ஈரம் இருக்கும் மண் துகள்களை அந்த ஈரமே இழுத்து ஒட்டி வைத்திருக்கும். குழந்தைகள் ஈர மணலில் கட்டும் கோபுரம் நிற்பது போலத்தான் இதுவும். முழுக்க நனைந்தால் அந்த ஒட்டுதல் காணாமல் போகும். ஐப்பசி அடைமழையில் மூன்றாம் நாள் விழுகிற சுவர் எல்லாம் இந்த ரகம். அதன் மேல் 900 கிராம் வலை தொங்கவிட்டாலும் விழும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் சரிவைப் போய்ப் பாருங்கள். விரல் கோடுகள், வெளியே தெரியும் வேர்கள், சிறு கல் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மண் தூணின் மேல் உட்கார்ந்திருப்பது, கால்மாட்டில் விசிறி போலப் படிந்த மணல்: இவை அரிப்பின் அடையாளம், வலை வாங்கலாம். சரிவின் தலையில் கரைக்கு இணையாக, வில் போல வளைந்த வெடிப்பு, அதில் ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருப்பது, கால்மாடு வயிறு தள்ளியது போல உப்பியிருப்பது, வேலிக் கல் வரிசையாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது, மரத்தின் அடிமரம் கீழே வளைந்து பிறகு நிமிர்ந்திருப்பது: இதெல்லாம் மண் நகர்கிறது என்பதன் சாட்சி. அடிமரம் வளைந்திருந்தால் பல வருடமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது. வெடிப்பு புதிதாக இருந்தால் இந்த மழையிலேயே வரலாம். முதல் வேலை அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்காமல் களிமண் வைத்து அடைத்து, இடித்து இறுக்குவது. வலை அங்கே கடைசிச் செலவு.

கண்மாய்க்கு இன்னொன்று உண்டு. உள்வாய்ச் சரிவு, அதாவது கரையின் தண்ணீர்ப் பக்கம், தண்ணீர் நிற்கும்போது விழாது, தண்ணீரை வேகமாக இறக்கும்போதுதான் விழும். வெளியே தாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் போய்விட்டது, கரைக்குள் ஊறினது இன்னும் வடியவில்லை. உள்வாயில் நார் வலை போடுவதை எந்த வகையிலும் ஒப்புக்கொள்ள முடியாது. அலை அடிக்கிற மட்டத்தில் நனைந்து காய்ந்து நனைந்து ஒரே வருடத்தில் நைந்துபோகும். அங்கே கல் பதிப்புதான். வெளிச்சரிவுக்கு வலை நல்லது. ஆனால் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதால், ஊர்க்காரர்கள் தாங்களாகப் போய் ஆணி அடிக்கக் கூடாது.

ரகம் தேர்வதில் பெரிய சூட்சுமம் இல்லை. பண்ணைக்குட்டையின் மேல்கரை, ஒன்றுக்கு இரண்டு சரிவுள்ள மண்மேடு, இதற்கெல்லாம் 400 போதும். ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவு, மலைப் பாதை வெட்டு, கண்மாய் வெளிச்சரிவுக்கு 700. மழையில் மட்டும் தண்ணீர் ஓடும் சிறு ஓடையின் பக்கவாட்டுக்கு 900. ஒன்றுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாக இருந்தால் எந்த ரகமும் வேண்டாம், முதலில் சரிவைக் குறையுங்கள். கூடுதல் கிராம் போட்டால் கூடுதல் பலம் என்று எல்லா இடத்திலும் 900 போடச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். நெருக்கமான வலைக்குள் புல் முளை விட்டு வர சிரமப்படும், காசும் வீண்.

சரக்கு வாங்கும்போது ஏமாற்றுவது எடையில்தான். நார் ஈரத்தைக் குடிக்கும். நனைத்து எடை போட்டால் 550 கிராம் வலை 700 காட்டும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் துண்டு வெட்டி, ஒரு முழுநாள் வெயிலில் காயவைத்து, நகைக்கடைத் தராசு இல்லாவிட்டாலும் மளிகைக்கடை மின்தராசில் போடுங்கள். 700 என்று சொன்னது காய்ந்தபின் 650க்குக் கீழே வந்தால் திருப்பி அனுப்பலாம். அடுத்து, கயிற்றைப் பிரித்துப் பாருங்கள். நார் உள்ளங்கை நீளத்துக்காவது இருக்க வேண்டும். துண்டு நாரும் தும்புத் தூளும் சேர்த்துத் திரித்த கயிறு கையில் உதிரும். பாயை இரண்டு பேர் மூலைக்கு மூலை இழுத்தால் கண் கோணலாகும், விட்டால் ஓரளவு திரும்ப வேண்டும். திரும்பாமல் கயிறுகள் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் நெசவு தளர்ந்தது. அது சரிவில் விரித்த பிறகும் அப்படித்தான் ஒதுங்கி, நடுவே வழுக்கை விழும்.

அளவுக் கணக்கில் எல்லோரும் குறைத்தே வாங்குகிறார்கள். 30 மீட்டர் நீளக் கரை, 4 மீட்டர் உயரம், ஒன்றுக்கு ஒன்றரைச் சரிவு என்றால் அகலம் 6 மீட்டர், சரிவின் நீளம் 7.2 மீட்டர். பரப்பு 216 சதுர மீட்டர் என்று அதற்கு மட்டும் வாங்கினால் பாதியில் நிற்க வேண்டும். உச்சியிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பள்ளம், அதில் 30 இறங்கி 30 படுக்க வேண்டும், ஆக மேலே 1.2 மீட்டர். கால்மாட்டில் 60 சென்டிமீட்டர் படுக்கை. ஒரு பட்டை 9 மீட்டர். 50 மீட்டர் சுருளில் ஐந்து பட்டை வரும், 5 மீட்டர் துண்டு மிஞ்சும், அதை ஒட்டுப் போட வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்குப் பக்கம் 15 சென்டிமீட்டர் மேல்படிவதால் இரண்டு மீட்டர் சுருளின் பயனுள்ள அகலம் 1.85. பதினேழு பட்டை, நான்கு சுருள். ஒரு மீட்டர் அகலம் என்றால் 36 பட்டை, எட்டுச் சுருள். பரப்பு இரண்டிலும் 400 சதுர மீட்டர்தான், ஆனால் ஒட்டு பாதியாகக் குறையும் என்பதால் இரண்டு மீட்டரே மேல். தூக்குவதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: 700 ரகத்தில் அந்தச் சுருள் ஒன்று 70 கிலோ, 900இல் 90 கிலோ. சரிவின் தலைக்கு அதை ஏற்ற மூன்று ஆள் வேண்டும்.

ஆணிக்கும் கணக்கு உண்டு. 6 மில்லிமீட்டர் கம்பியை 45 சென்டிமீட்டருக்கு வெட்டி, 20-5-20 என்று ப வடிவத்தில் வளைத்தால் ஒன்று 100 கிராம். சதுர மீட்டருக்கு இரண்டு, ஒட்டு ஓடும் இடத்தில் மீட்டருக்கு ஒன்று கூடுதல், மேல் பள்ளத்தில் மீட்டருக்கு இரண்டு. மேலே சொன்ன கரைக்கு 600 ஆணி, 60 கிலோ கம்பி. புது மண் அடித்த மேட்டில் 20 சென்டிமீட்டர் கால் போதாது, 30 வேண்டும். ஊர் ஓரமான இடத்தில் இரும்பு ஆணி அடித்தால் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். அங்கே மூங்கில் முளை அல்லது வேலிக்கருவேலக் குச்சியைக் கூர் சீவி, தலையில் ஒரு வெட்டு விட்டு அடிப்பது உத்தமம். மட்கிப் போகட்டும், வலையும் மட்கப்போவதுதானே.

விரிக்கும் முறையில் நூற்றுக்குத் தொண்ணூறு தோல்வி ஒரே காரணம்: வலை மண்ணைத் தொடவில்லை. கட்டி, கல், வேர்முண்டு இருந்தால் வலை அதன் மேல் கூடாரம் அடித்து நிற்கும். கீழே தண்ணீர் சுகமாக ஓடும். ஒரு மழையில் வலைக்கு அடியில் முழங்கை ஆழத்துக்குக் கோடு விழுந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் முதலில் சரிவை மண்வெட்டியால் சீவிச் சமன் செய்யுங்கள். பழைய கோடுகளில் மண் போட்டு இடியுங்கள். கோடு இருக்கும் இடத்தில் வெறுமனே தளர்ந்த மண்ணை நிரப்பினால் அதே கோடு மறுபடி வரும்.

பிறகு விதை. நம்ம மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். வறட்சி தாங்கும், தூர் கட்டும். மேலே சொன்ன அளவுக்கு அரை கிலோ போதும். விதை பஞ்சு போலப் பறப்பதால் ஈர மணலோடு பிசிறித் தூவுங்கள். பக்கத்தில் அருகம்புல் இருந்தால் தண்டை விரற்கடை நீளத்துக்கு நறுக்கி மண்ணில் சொருகலாம், இதற்கு விதைச் செலவே இல்லை. விதைத்த பின் தலையில் பள்ளத்தில் வலை நுனியைப் புதைத்து, ஆணி அடித்து, மண் நிரப்பி இடித்துவிட்டு மேலிருந்து கீழே உருட்டுங்கள். குறுக்காக விரிக்காதீர்கள். இழுத்து முறுக்காமல் லேசாகத் தளர்வாக விட்டு, மிதித்து மண்ணோடு படியச் செய்து ஆணி அடியுங்கள். சுருள் முடிந்து ஒட்டுப் போட வேண்டி வந்தால் மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் படிய வேண்டும், ஓட்டுக்கூரையில் ஓடு வேய்வது போல. மாற்றி வேய்ந்த ஒட்டில் தண்ணீர் உள்ளே நுழைந்து வலையைத் தூக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, தலைவாய்க்கால். உச்சிக்கு மேல்பக்கம் இருந்து வரும் தண்ணீரை ஒரு சிறு வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பிவிடாவிட்டால், வலையின் மொத்தச் செலவும் ஒரு இரவில் போகும். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம், நூறுக்கு ஒன்று இறக்கம் போதும். இறங்கும் இடத்தில் கல் அடுக்க மறக்க வேண்டாம், அங்கேதான் அடுத்த பள்ளம் பிறக்கும். வலை விற்கிறவர்களில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை, அவர்கள் விற்கும் பொருள் இல்லையே.

மண்ணுக்கு மண் நடத்தை மாறும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கச் செம்மண்ணிலும் சரளையிலும் வலை நன்றாக உட்காரும், கரையான் மட்டும் தொந்தரவு. லிக்னின் அதிகம் என்பதால் உடனே தின்றுவிடாது, ஆனால் புற்று பக்கத்தில் இருந்தால் முதல் கோடையிலேயே ஓட்டை விழும். திருமங்கலம், தே. கல்லுப்பட்டிக் கரிசலில் வேறு கதை. கோடையில் கை நுழையும் வெடிப்பு விட்டு, மழையில் உப்பும் மண் அது. வெடிப்பு விரியும்போது ஆணி தளர்ந்து எழும்பிக்கொள்ளும். கரிசலில் ஆணியை 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சதுர மீட்டருக்கு மூன்றாக அடித்து, முதல் மழைக்கு முன் ஒரு முறை நடந்து எழும்பியதை அடித்து இறக்க வேண்டும். அப்படியும் பாதி மதிப்பெண்தான். கரிசல் கரை ஈரத்தில் தானாகவே குழைந்து வழியும், அது வலையின் வேலை இல்லை. மனைக்கு அடித்த கிராவல் மேட்டில் கோளாறு மண்ணில் இல்லை, அடித்த விதத்தில் இருக்கிறது. லாரி கொட்டியதை ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டால் இறுகாது. ஒரு சாண் கனத்துக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால்தான் இறுகும். தளர்ந்த மேட்டின் மேல் வலை போட்டால், மேடு உட்காரும்போது வலை மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

ஆடு. இதை எந்தக் கையேட்டிலும் தேடினாலும் கிடைக்காது. முளைத்த புல்லுக்கு ஆடு வரும், குளம்பு நானூறு ரக வலையின் கண்ணில் மாட்டும், இழுக்கும், ஆணி பிடுங்கிக்கொள்ளும். முதல் மூன்று மாதம் முள்வேலி போட்டால் பிழைத்தது. மாசி பங்குனியில் யாராவது ஓரத்துப் புல்லுக்குத் தீ வைத்தால் காய்ந்த நார் திரி போல எரியும், அதற்கும் ஒரு மீட்டர் அகலத்துக்குச் செதுக்கி விடுவது நல்லது.

மாற்றுகளை ஒப்பிட்டுவிடலாம். வெட்டிவேர் நாற்று நார் வலைக்குப் போட்டி இல்லை, துணை. வலை வேலை செய்யும் இடத்தில் தொடங்கி இரண்டு மீட்டருக்கு மேலும் வேர் இறங்கும், ஆழமில்லாத மண்சரிவை ஓரளவு தைத்துப் பிடிக்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு வரிசை, வரிசையில் 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு தூர், தூருக்கு இரண்டு மூன்று நாற்று. முதல் ஆறு வாரம் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும் நடுங்கள். நிழலில் வளராது, அதனால் தோப்புக்குள் வேண்டாம். ரயில் கற்றாழை வேலிக்கு நல்லது, ஆனால் வேர் ஆழம் போகாது. கரைக்கு அதை மட்டும் நம்பினால் போதாது.

கேபியன் பெட்டி, அதாவது கம்பி வலைக்குள் கல் அடுக்கின பெட்டி, புவியீர்ப்பை எதிர்க்கும் ஆயுதம். இரண்டு மீட்டருக்கு ஒன்றுக்கு ஒன்று பெட்டி, 2.7 மில்லிமீட்டர் துத்தநாகப் பூச்சுக் கம்பி, 80க்கு 100 மில்லிமீட்டர் அறுகோணக் கண். கல் 100 முதல் 250 மில்லிமீட்டர். இடைவெளி போக ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல் நிற்கும், அந்த எடைதான் கால்மாட்டைப் பிடிக்கிறது. தண்ணீர் வடிந்துவிடுவதால் பின்னால் அழுத்தம் சேராது. இதில் கான்கிரீட் சுவரைவிட நல்லது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் உடைசல் கிடைப்பது நமக்கு வசதி. உருண்டைக் கல் வேண்டாம், உருளும். கெடுவது மூன்று இடத்தில்: பெட்டிக்குள் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டும் கம்பி போடாமல் விட்டு வயிறு தள்ளுவது, பின்னால் வடிகட்டும் துணி போடாமல் மண் கல்லிடுக்கில் ஒழுகி மேலே தரை உட்காருவது, அஸ்திவாரத்தைத் தரைமட்டத்திலேயே வைத்து ஓடைத் தண்ணீர் அடியைத் தோண்டுவது. ஆள் கூலி வலையைவிடப் பல மடங்கு. கல்லைத் தூக்கிக் கொட்டி நிரப்பும் ஆள்களை விட்டுவிடுங்கள், முகப்புக் கல்லைக் கையால் அடுக்க வேண்டும்.

பச்சை நிழல் வலையைச் சரிவில் போர்த்துகிற பழக்கம் ஒன்று பரவிவருகிறது. தண்ணீர் அதன் மேல் வழுக்கி ஓடும், அடியில் புல் வெந்து போகும், வெயிலில் இழை இழையாகப் பிரிந்து ஓடையை அடைக்கும். காசு மிச்சம் என்றால் ஒன்றுமே போடாமல் விடுவது மேல்.

பாறைக்கு இந்தப் பட்டியலில் எதுவும் பொருந்தாது. யானைமலை போன்ற வழுவழுப்பான மொட்டைப் பாறைகள் வெங்காயத் தோல் உரிவது போல் பலகை பலகையாக உரியும். பகல் வெயில், இரவுக் குளிர், மேலே இருந்த சுமை நீங்கியதால் பாறை விரிவது, விரிசலில் இறங்கும் வேர், தண்ணீர் எல்லாம் சேர்ந்து அதை விடுவிக்கின்றன. விடுபட்டது எங்கே போய் நிற்கும் என்பதை அடிவாரத்தில் ஏற்கெனவே கிடக்கும் குண்டுக்கற்களே சொல்லும். கடைசிக் குண்டுக்கல் கிடக்கும் இடம் வரை மலையின் எல்லை என்று கொள்ளுங்கள், அதற்குள் வீடு கட்ட வேண்டாம். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச் சரிவிலிருந்து பாறையும் சேறும் வீட்டின் மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அப்படி வருவதை எஃகு வலையும் பாறைக்குள் துளையிட்டு இறக்கும் போல்ட்டும் வைத்து, பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் தடுக்க முடியும். கயிற்று வலைக்காரரிடம் அதற்கு விலை கேட்பது வீண்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: மழை அரிப்புக்குச் செம்மண் சரிவில் நார் வலை ஐந்துக்கு நாலரை, கரிசலில் இரண்டரை, சரியும் கரைக்குப் பூச்சியம்.

வாங்கும் காலம் பற்றி ஒன்று. புரட்டாசியில் தேட ஆரம்பிப்பதே தாமதம். புல் சரிவை மூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆவணி மாலை மழையில் முளைவிட்டு, ஐப்பசிக்குள் தூர் கட்டியிருக்க வேண்டும். ஆடியிலேயே சொல்லி வைத்து, ஆவணி முதல் வாரத்தில் விரித்துவிடுங்கள். ஐப்பசியில் நினைவு வந்தவர்கள் இந்த வருடம் வலையை விட்டுவிட்டு, தென்னை மட்டையையோ வைக்கோலையோ சரிவில் பரப்பி, குறுக்கே குச்சி கட்டி மழையைத் தாண்டுங்கள். மார்கழிக்கு மேல் விரித்தால் ஈரம் இல்லாமல் வலை மட்டும் எட்டு மாதம் வெயிலில் கிடந்து பாதி ஆயுளை அங்கேயே செலவழிக்கும். சுருளை முன்கூட்டி வாங்கிவிட்டவர்கள் தரையில் போடாமல் கட்டை மேல் ஏற்றி, தார்ப்பாய் மூடி, காற்றோட்டமாக வையுங்கள். எலி அதற்குள் கூடு கட்டாமல் மாதம் ஒருமுறை பிரட்டிவிட்டால் ஆவணி வரை அப்படியே இருக்கும்.